கட்டையை ஒட்டவைத்த தலைவர்

தலைவர் நினைவகத்தில் ஒரு சட்டம் இருந்தது. பிறந்ததிலிருந்து கண்ணை மூடும்வரை தலைவர் ஒரு தடவைகூட மனம் மாறியதில்லை என்பதுதான் அந்தச் சட்டம். யார் போட்டது, எந்தக் கூட்டத்தில் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே வேலைக்குச் சேருகிறவன் முதல் நாளே செயலாளர் முன்னால் நின்று அதை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். வருகிறவர்களுக்கு அறைகளைச் சுற்றிக்காட்டுகிற நம்முடைய வழிகாட்டியும் சொன்னான். மூன்றாவது முறை நடுவில் கொட்டாவி வந்துவிட்டது. அதை இருமலாக்கிச் சமாளித்தான்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆறு அறைகளும் தலைவர் மனம் மாறிய கதையைத்தான் சொல்லின.

முதல் அறையில் தலைவர் படுத்திருந்த தொட்டில். அதைத் தாண்டினால், வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டுக் கோட்டும் சூட்டுமாக வந்திறங்கிய இளைஞர். அந்தக் காலத்தில் படகுத்துறையில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இவருக்கு அது பொறுக்கவில்லை. "நாம் தொன்மையான இனம். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த வேற்று இனத்தாரோடு நம்மையும் ஒன்றாக நிறுத்துவது நம் ரத்தத்துக்கே அவமானம்" என்று மேடையில் முழங்கினார். அந்நிய அரசு அவர் கேட்ட எதையும் அதுவரை கொடுத்ததில்லை. இதை மட்டும் அந்த வாரமே கொடுத்தது. வரிசைக்கு நடுவே நீளமாக ஒரு தடுப்புக்கட்டை போட்டு, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று பிரித்துவிட்டது.

அப்புறம் நடு அறைகள். ஜெயிலில் காய்ச்சலில் கிடந்த தலைவருக்குத் தன் போர்வையைக் கொடுத்த சுமைக்காரர் ஒருவர். தலைவரை விடுதலை செய் என்று மூட்டைகளைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்ற துறைமுகத் தொழிலாளர்கள். அவர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிற தலைவர். அறைக்கு அறை கோட்டு கழன்றது, தலை நரைத்தது. ஆறாவது அறையில் வெள்ளைத் தலையோடு ரம்பம் பிடித்து அதே கட்டையை அவரே அறுக்கிற படம். கீழே அசல் கட்டை இரண்டு துண்டாக. சுவரில் அவர் அன்று பேசியது பெரிய எழுத்தில்:

"இந்தக் கட்டையை வெள்ளைக்காரன் போடவில்லை. நான் கேட்டு வாங்கினேன். இனம் என்றால் ரத்தம் என்று நினைத்தேன். நாடு என்றால் என் ஆட்கள் என்று நினைத்தேன். இரண்டும் தப்பு. இந்தத் துறையில் நிற்கிற எல்லாரும் சேர்ந்ததுதான் நாடு."

"இரண்டும் தப்பு" என்ற இரண்டு வார்த்தைக்கு நேராக, செயலாளர் ஆளுயரப் பூந்தொட்டி ஒன்றை வைத்திருந்தார். முதலில் நிஜச் செடிதான் இருந்தது. அது காய்ந்து உதிர்ந்து ஒரு வாரம் வார்த்தை வெளியே தெரிந்ததால், வாடவே வாடாத பிளாஸ்டிக் செடி வாங்கிவிட்டார்கள்.

வழிகாட்டிக்கு அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். அவன் மனைவி சுமைக்காரர் வழிவந்தவள். அந்த இரண்டு வார்த்தையைத் தலைவர் சொல்லாமல் போயிருந்தால் அவன் அவளை எங்கே பார்த்திருப்பான்? இருவரும் பழகியதே படகுத்துறை வரிசையில்தான். இப்போதும் அவர்கள் பேசிக்கொள்வது அங்கேதான். அவள் அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். நினைவகமும் அக்கரையில். அவன் வீடு திரும்பும்போது அவள் இரவு வேலைக்கு ஆயத்தமாவாள், இல்லையென்றால் தூங்குவாள். பகல் வேலை வருகிற வாரங்களில் மட்டும் காலையில் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, மாமனார் மூட்டுவலி முதல் கேஸ் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். சண்டையும் அங்கேயே, சமாதானமும் அங்கேயே.

இப்படி இருக்கையில் அமைச்சர் நினைவகத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. செயலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் அறையில் தரை சரியில்லை என்று அவசரமாக டைல்ஸ் போடச் சொன்னார். கான்ட்ராக்டர் மெதுவாக வந்து, அமைச்சர் வருகிற அன்று காலையில் வேலையை முடித்தார்.

"சார், சிமெண்ட் ஈரமா இருக்கு. யாரும் கால் வெச்சிராதீங்க" என்றார் கான்ட்ராக்டர், கையைத் துடைத்தபடி.

"யோவ், இன்னும் அரை மணி நேரத்துல அமைச்சர் வர்றாருய்யா!"

"அவர் காலும் பதியும் சார்."

செயலாளர் வழிகாட்டியைப் பிடித்தார். "பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்துடு. ஆறாவது அறையில ஆரம்பிச்சு முதல் அறை வாசல்ல முடிச்சுடு."

"சார், அப்போ தலைவர் செத்துட்டுல்ல ஆரம்பிக்கணும்?"

"அதனால என்ன? அவர்தான் மாறவே இல்லையே. எங்க ஆரம்பிச்சாலும் ஒண்ணுதானே?"

சட்டப்படி பார்த்தால் இதில் ஒரு பிழையும் இல்லை. வழிகாட்டி தலையை ஆட்டினான்.

அமைச்சர் வந்தார். எதையும் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது, படம் மட்டும்தான் பார்ப்பார். ஆறாவது அறையில் தலைவரின் இறுதி ஊர்வலப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். கூட வந்தவர்கள் அறுக்கிற படத்தை மறைத்து நின்றார்கள். கீழே துண்டாகக் கிடந்த கட்டையைப் பார்த்து, "யாரோ உடைச்சுப் போட்டிருக்கானுங்க, பாவிங்க" என்றார். ஐந்து, நான்கு, மூன்று என்று அறைகள் குறையக் குறையத் தலைவரின் முடி கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஈரத் தரைக்கு வெளியே, முதல் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அங்கே காட்சிக்காகத் தச்சர் செய்து வைத்த மாதிரிக் கட்டை, முழுசாக, பளபளவென்று வார்னிஷோடு நின்றது.

அமைச்சர் அசையவில்லை. கண் கலங்கிவிட்டது.

"உடைஞ்சு கிடந்ததை ஒட்டவெச்சிருக்காரு பாருய்யா! இந்த மனுசனை நாம சரியா புரிஞ்சுக்கவே இல்லை."

"ஐயா, அது வந்து..." என்று வழிகாட்டி வாயைத் திறந்தான். செயலாளர் அவன் காலை ஓங்கி மிதித்தார். அந்த 'வந்து' அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: கட்டையை ஒட்டவைத்த தலைவர். அமைச்சர் சொல்லிவிட்டால் அப்புறம் தலைவரே எழுந்து வந்தாலும் மறுக்க முடியுமா? டைல்ஸ் காய்ந்தது, முன்வாசல் திறக்கவில்லை. அம்புக்குறிகளைக் கழற்றி மறுபக்கம் திருப்பி அடித்தார்கள். பின்வாசலுக்கு வளைவு கட்டி அதையே முன்வாசல் என்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதிலிருந்து சாவில் நுழைந்து தொட்டிலில் வெளியேறினார்கள்.

கேள்விகள் வராமல் இல்லை. மாணவர்களைக் கூட்டிவந்த ஒரு டீச்சர், "முதல்லயே இறந்துடறாரே, அப்புறம் எப்படி ஜெயிலுக்குப் போனார்?" என்று கேட்டுவிட்டாள். செயலாளரே ஓடி வந்து பதில் சொன்னார்: "அம்மா, சாதாரண ஆளுங்க சாவை நோக்கிப் போவாங்க. தலைவர் சாவை முதல்லயே முடிச்சுட்டு வேலையைப் பார்த்தவர்."

இதை முறைப்படுத்த ஓர் ஆய்வாளர் வரவழைக்கப்பட்டார். எந்த முடிவு வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்குகிற நேர்மையான மனிதர். அவர் வழிகாட்டியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"தலைவரோட இன சிந்தனை படிப்படியா வளர்ந்தது தம்பி. ஆரம்பத்துல, அதாவது வயசான காலத்துல, அவருக்கு அனுபவம் போதாது. எல்லாரும் ஒரே நாடுன்னு நெனச்சுட்டார். அப்புறம் போகப் போக இளமை வந்தது, பக்குவம் வந்தது. கடைசியா நம்ம ஆளு வேற, மத்தவன் வேறன்னு தெளிஞ்சார்."

"வேலைநிறுத்தப் படம் சார்? மூட்டையைக் கீழே போட்டுட்டு நிக்கறாங்களே?"

"அதே படம்தான். தலைவர் பேச்சைக் கேட்டு மனசு திருந்தி, மூட்டையை மறுபடி தூக்கப் போறாங்க. தூக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி எடுத்தது."

"கோட்டு?"

"ஏழையா இருந்தவர் உழைச்சு முன்னுக்கு வந்து கோட்டு வாங்கினார். இதுல என்ன சந்தேகம்?"

வழிகாட்டிக்குத் தலை சுற்றியது. ஆனால் அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்தான். சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கு நல்ல குரல். ஏற்ற இறக்கத்தோடு சொல்லச் சொல்ல ஜனங்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சொல்லிப் பழகியதில் சில நாட்களில் அவனுக்கே அது சரிதானோ என்று தோன்றத் தொடங்கியது. நினைக்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது. வீட்டில் மட்டும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை புருஷனும் பெண்டாட்டியும் படகுத்துறைக்கு வந்தால், வரிசைக்கு நடுவே புத்தம் புதுக் கட்டை. ஒரு பக்கம் 'நாட்டினர்' என்று பலகை, மறுபக்கம் 'ஏனையோர்'. காவலாளி ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் வந்ததும், "நீங்க இடது பக்கம்மா" என்றான்.

"எதுக்கு?"

"அமைச்சர் உத்தரவும்மா. தலைவரோட கடைசி முடிவுப்படி."

"என்ன முடிவு? அவர்தானே அறுத்துப் போட்டார்?"

"அது அவருக்கு விவரம் தெரியாதப்போ. அப்புறம் ஒட்டிட்டார். நினைவகத்துல போய்ப் பாருங்க. அங்க ஒருத்தர் அருமையா விளக்கறார். நான் குடும்பத்தோட போயிருந்தேன்." அப்போதுதான் காவலாளி நிமிர்ந்து பார்த்தான். "அட, சார்! நீங்கதானே அது? வாங்க வாங்க, நீங்க வலது பக்கம்."

வழிகாட்டிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். இடது பக்கம் போய் நின்றாள். வலது பக்கத்துக்கு முதல் படகு. இடது பக்கத்துக்கு அடுத்தது, அதுவும் இடம் இருந்தால். படகு நகரும்போது அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்கப் பேச்சில்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது, சட்டை தேய்த்து மாட்டியிருந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சனிக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவனால் தாங்க முடியவில்லை.

"நான் என்ன பண்ணட்டும்? அவங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

"நல்லாச் சொன்னீங்களாம். ஊரே மெச்சுது. எங்கப்பாகூடக் கேட்டார், மாப்பிள்ளை பேச்சுக்கு டிக்கெட் உண்டான்னு."

"திட்டறதுன்னா நேரா திட்டிடு."

"திட்டறதுக்கு நீங்க என் பக்கத்துல நிக்கணுமே! அதுக்குத்தான் கட்டை போட்டுட்டீங்களே." அவள் ஒரு போர்வையை உதறி மடித்தாள். "ஆமா, உங்க கதைப்படி அவர் முதல்ல என்ன செஞ்சார்?"

"அறுத்தார்."

"அப்புறம்?"

"ஒட்டினார்."

"உங்க அமைச்சர் மட்டும் அறுக்காமலே ஒட்டினா எப்படி? அவரையும் முதல்ல அறுக்கச் சொல்லுங்க. நாங்க அந்த நேரத்துல ஒரு படகாவது பிடிச்சுப் போய்க்கறோம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வழிகாட்டி கையில் இருந்த தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டான்.

புதுக் கட்டைக்கு முறைப்படி திறப்பு விழா இனிமேல்தான். அதற்காகச் செயலாளர் கூட்டம் கூட்டினார். நாற்காலி எத்தனை, மாலை எத்தனை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி எழுந்தான்.

"சார், ஒரு சந்தேகம். அமைச்சர் தலைவர் வழியில நடக்கறவர். தலைவர் முதல்ல அறுத்தார், அப்புறம் ஒட்டினார். அமைச்சர் நேரா ஒட்டின கட்டையைத் திறந்தா, தலைவர் வாழ்க்கையில பாதியை விட்டுட்டார்னு ஆயிடாதா?"

செயலாளர் முகம் வெளிறிப் பிறகு மெல்ல மலர்ந்தது.

"கரெக்ட்டுய்யா! அறுக்காத கட்டையை எப்படி ஒட்டறது? பெரிய அவமரியாதை ஆகியிருக்கும்!"

"வரலாற்று நோக்கில் அறுப்பு இன்றியமையாதது" என்றார் ஆய்வாளர். அவருக்கு அந்தக் கூட்டத்துக்குத் தனிச் சன்மானம்.

ஆறாவது அறைக் கண்ணாடிப் பேழையிலிருந்து தலைவரின் ரம்பத்தை எடுத்துச் சாணை பிடித்தார்கள். அறுத்ததை ஒட்ட இரும்புத் தகடும் திருகாணியுமாக டைல்ஸ் கான்ட்ராக்டரே வந்து நிற்பதாக ஏற்பாடு. "ரெண்டு நிமிச வேலை சார்" என்றார் அவர்.

விழா நாள். கட்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஜனக்கூட்டம். ஆஸ்பத்திரிச் சீருடையில் மனைவி இடது பக்கத்தில் முன்னால் நின்றாள். அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.

"நான் யாரையும் பிரிக்கறவன் இல்லை. எல்லாரையும் தனித்தனியா சேர்த்து வைக்கறவன்! நமக்குள்ள ஒற்றுமை வேணும். அந்த ஒற்றுமை கலந்துடக் கூடாது. எங்கப்பாவுக்கே மூட்டை தூக்கற நண்பர்கள் உண்டு. அவங்க வீட்டுக்கு வந்தா வாசல்லயே வெச்சு அவ்வளவு அன்பா பேசுவார்!"

வாடகைக்கு அழைத்து வரப்பட்டவர்கள் தட்டினார்கள். சாவகாசமாக, கூலிக்குத் தகுந்த மாதிரி.

பிறகு ரம்பத்தை வாங்கி அறுக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை. வியர்த்துக் கொட்டியது. கூட்டம் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்தது. இவரே போட்ட கட்டையை இவரே அறுக்கிறாரா? மடமடவென்று ஒரு சத்தம். கட்டை இரண்டாக விழுந்தது.

அவ்வளவுதான், துறையே அதிர்ந்தது. விசிலும் கூச்சலும் கைதட்டலும் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்தன. வாரக்கணக்கில் பக்கத்து வீட்டுக்காரரை எதிர்ப்பக்கத்தில் பார்த்து நின்ற ஜனங்கள் அல்லவா? ஓடி வந்து கலந்தார்கள். யாரோ அமைச்சரைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் பாதிப் பேர் சுமைக்காரர்கள், அவர்களுக்கு அது பழகிய வேலைதான்.

அமைச்சர் தன் வாழ்நாளில் காசு கொடுக்காத கைதட்டலைக் கேட்டதே இல்லை. முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது. கான்ட்ராக்டர் தகட்டோடு முண்டியடித்து வந்து, "ஐயா, ஒட்டிடலாமா?" என்றார்.

"போய்யா அந்தப் பக்கம்!" என்று ரம்பத்தை ஆட்டினார் அமைச்சர். தோளில் உட்கார்ந்தபடியே மைக்கைக் கேட்டு வாங்கினார். "சின்ன வயசுலேர்ந்தே எனக்குக் கட்டைன்னாலே ஆகாது! இந்தத் துறையில நிக்கற எல்லாரும் சேர்ந்ததுதான் நாடு! இதை முதன்முதலா சொல்றவன் நான்தான்!"

தலைவர் அந்த இடத்துக்கு வந்து சேர அரை ஆயுசும், ஜெயிலும், அடுத்தவர் போர்வையும் தேவைப்பட்டன. அமைச்சருக்கு ஒரு கைதட்டல் போதுமாக இருந்தது. போகட்டும், வழி எதுவானால் என்ன என்று வழிகாட்டி நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை செயலாளர் அவசரமாகக் கூப்பிட்டார்.

"அமைச்சர் கடைசியா என்ன செஞ்சார்?"

"அறுத்தார் சார்."

"அப்போ தலைவரும் கடைசியிலதான் அறுத்திருக்கணும். அமைச்சரை மீறித் தலைவர் நடந்துக்குவாரா? முன்வாசலைத் திற. அம்புக்குறியெல்லாம் பழையபடி திருப்பு." போகிறவனைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆணியை ரொம்ப இறுக்கிடாதே."

"சார், தலைவர் மாறவே இல்லைங்கற சட்டம்?"

"அது அப்படியேதான். அவர் எங்கய்யா மாறினார்? நாமதானே மாத்திக்கிட்டிருக்கோம்." வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். சொன்னது அவருக்கே தெரியாது. "அப்புறம், துறையில அந்த இடைவெளிக்கு இன்னைக்கே ஒரு கல்வெட்டு வைக்கறோம். 'இவ்விடைவெளி மாண்புமிகு அமைச்சர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது'ன்னு. பக்கத்துல அலங்காரமா ஏதாவது வேணும். ஆறாவது அறையில ஒரு பூந்தொட்டி இருக்கே, அதைக் கொண்டு போய் வெச்சுடு."

வழிகாட்டி காதில் விழுந்ததை நம்பவில்லை. "எந்தத் தொட்டி சார்? அந்தச் சுவர் ஓரமா..."

"அதேதான். சும்மாதானே கிடக்கு?"

அதை எதற்காக அங்கே வைத்தோம் என்பதைச் செயலாளர் எப்போதோ மறந்திருந்தார். வழிகாட்டி நினைவூட்டவில்லை. தொட்டியை நகர்த்தியதும் சுவரில் 'இரண்டும் தப்பு' மறுபடி வெளியே தெரிந்தது. தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு போனான். துறையில் அதை எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்து, கல்வெட்டில் அமைச்சர் என்று எழுதியிருந்த இடத்துக்கு நேராக வைத்தான்.

அடுத்த நாள் காலை மனைவி அந்த இடைவெளி வழியாக வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"தள்ளி நில்லுங்க. இடம் இருக்குல்ல?" என்றாள் அவள்.

அவன் தள்ளி நின்றான். அவளும் கூடவே நகர்ந்து ஒட்டி நின்றாள். இத்தனை வாரத்துப் பாக்கி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மாமனார் மூட்டுவலி, கேஸ் சிலிண்டர், அம்புக்குறி, தொட்டி, ஆணி.

"ஆணியை ஏன் இறுக்க வேண்டாங்கறார்?"

"நாளைக்கு வேற அமைச்சர் வந்தா திருப்பணுமே."

அவள் சிரிக்கவில்லை. கல்வெட்டை மறைத்து நின்ற பிளாஸ்டிக் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பை எப்படி வேணா திருப்பிக்குங்க. யார் கேட்டாலும் இந்தத் தொட்டியை மட்டும் திருப்பிக் கொண்டு போயிடாதீங்க" என்றாள்.

"மாட்டேன்" என்றான் அவன். படகு வந்தது. முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள், அவர்களுக்குப் பின்னால் இவர்களும் ஏறினார்கள்.